எதுவும் நடக்காதபோது

சிவசங்கரிக்கு என்ன வேலை என்று முத்தியால்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியாது. வீட்டிலேயே உட்கார்ந்து டைப் அடிக்கிறாள், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அவ்வளவுதான். பாகூரிலிருந்து வந்த அவள் அம்மாகூட என்னிடம்தான் விசாரித்தார்: “கதை கிதை எழுதுதாப்பா?” நான் வீடியோ கடைக்காரன், அரிகிருஷ்ணன். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவளையே கேட்டேன்.

“உங்க வேலையத்தாண்ணா எழுதுறேன்” என்றாள்.

விளையாட்டில்லை, நிஜம்தான். கல்யாணமோ கருமாதியோ, வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு லைவ் போடுகிறவன் நான். முதல் கேமரா, இரண்டாவது கேமரா, ‘சற்றுப் பொறுங்கள்’ அட்டை என்று காட்சிகளை மாற்றித் தட்டுவது என் விரல். அந்தத் தட்டுகிற வேலையை இப்போது ஏஐ செய்கிறதாம். அதற்கான கருவிகளைச் செய்வது ஏதோ ஒரு பெங்களூர் கம்பெனி. எந்தக் கருவி என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுவது சிவசங்கரி.

“இத எவன் படிக்கப் போறான்?” என்று சீண்டினேன்.

“மனுசங்க படிக்க மாட்டாங்கண்ணா. மெஷின் படிக்கும். ஒரு வார்த்த விடாம படிச்சு அப்பிடியே செய்யும்.”

சொல்லும்போது அப்படி ஒரு பெருமை. முப்பத்தைந்து வயது வரை அவள் சொன்னதை அப்படியே செய்த ஆள் வேறு யாருமில்லை, பாவம்.

அவள் குடியிருந்தது, மரியாதையாக நாங்கள் ‘முசே’ என்று கூப்பிடும் கிளமான் வீட்டு மாடியில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய நம்ம ஊர்க்காரர்; மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார்; ஒரே மகள் ஆன், பிரான்சில் லியோன் நகரத்தில். ஆறு வருடமாக இவளுக்குத் தினமும் காலையில் ‘போன்ழூர்’ சொன்ன மனிதர். கடைசிப் பத்து நாள் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கம்பெனியில் அவசர வேலை என்று இவள் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆனால் அதுதான் நடந்தது.

அவர் இறந்தபோது ஆனுக்கு எட்டாம் மாதம். விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிவசங்கரியிடம் போனில் அழுதுகொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “பெட்டிய மூடறதுக்கு முன்னால அப்பா மொகத்த ஒரு தடவ பாக்கணும்க்கா.” கிளமானோ, செத்த முகத்தை யாரும் போட்டோ எடுக்கக் கூடாது, பதிவும் கூடாது, மகள் மட்டும் லைவில் பார்த்தால் போதும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். பட்டாளத்து ஆள் பேச்சை மீற முடியுமா?

எனக்கு இருப்பது இரண்டு கை. நான் கேமராவைப் பிடித்தால் காட்சியை மாற்ற ஆள் வேண்டும். “எங்க ஏஐ பாத்துக்கும்ணா” என்றாள் சிவசங்கரி. நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

அடக்கத்தன்று முசே வீட்டுக் கூடத்தில் பெட்டி; பக்கத்து அறையில் லேப்டாப்போடு அவள் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் எந்தக் குறையுமில்லை. ஜெபம் என்றால் சர்ச் சாமியார், பாட்டு என்றால் பாடுகிறவர்கள் என்று என்னைவிடச் சுத்தமாக மாற்றியது. எனக்கு வயிறு எரிந்தது. பிறகு சாமியார், எல்லோரும் மௌனமாக நின்று முகத்தைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கேமராவை முகத்துக்குக் கொண்டுபோனேன். கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

அந்த நேரத்தில் லியோனில் ஆன் பார்த்தது ‘சற்றுப் பொறுங்கள், விரைவில் தொடரும்’ அட்டையை. கூடவே பியானோ இசை வேறு.

‘எதுவும் நடக்காதபோது காட்சியை மறைக்க இதைப் பயன்படுத்து.’ அந்த அட்டைக்கு விளக்கமாக இந்த வரியை எழுதியவள் சிவசங்கரிதான். சத்தமில்லை, அசைவில்லை, மெஷினைப் பொறுத்தவரை அங்கே எதுவும் நடக்கவில்லை. பதறிப்போய் ‘முதல் கேமராவுக்குப் போ’ என்று டைப் அடித்திருக்கிறாள். ‘முதல் கேமராவில் இப்போது எதுவும் நடக்கவில்லை. உறுதியாக மாற்றவா?’ என்று அது மரியாதையாகக் கேட்டிருக்கிறது. தப்பும் தவறுமாக அடித்து, அழித்து, மறுபடி அடித்து, காட்சி திரும்பியபோது பெட்டியை மூடித் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்கள். மௌனத்தைக் கலைத்து என்னைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. அடிப்பாவி, கத்தித் தொலைத்திருக்கலாமே!

கல்லறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், அந்த வரியைத் திருத்திக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம்.

“இன்னும் அதையே நோண்டினு இருக்கியே, இனிமே யாருக்கும்மா?” என்று கத்தினேன்.

அவள் ஓவென்று அழுதுவிட்டாள். ஏன்டா கத்தினோம் என்று ஆகிவிட்டது எனக்கு. அப்போதுதான் ஆனிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, நீங்க அங்கதான இருந்தீங்க. அப்பா மொகம் எப்பிடி இருந்துச்சு?”

“தூங்கற மாதிரி இருந்தாரு ஆன்.”

“மீசை? ஆஸ்பத்திரில எடுத்துடுவாங்கன்னு பயந்துனே இருந்தாரு. மீசை இருந்துச்சாக்கா?”

சிவசங்கரி அந்த முகத்தைப் பார்க்கவேயில்லை. ஒரு மணி நேரமும் அவள் பார்த்தது லேப்டாப்பை; முகம் வர வேண்டிய நேரத்தில் அதிலும் அட்டைதான்.

“இருந்துச்சு. நல்லா சீவி விட்டிருந்தாங்க.”

ஆன் அழுதபடியே ‘மெர்சி அக்கா’ என்று நன்றி சொல்லி வைத்துவிட்டாள். சிவசங்கரி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, நீங்க கேமராவுல பாத்தீங்களே. மீசை இருந்துச்சுல்ல?”

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டுவதற்காக மழித்துவிட்டிருந்தார்கள். மேலுதடு வெறுமையாகக் கிடந்தது. அந்த இடத்தில்தான் நான் ஃபோகஸ் வைத்தேன்.

“இருந்துச்சும்மா” என்றேன்.