சர்வரைப் பெருக்கிய அருள்செல்வி

ராயப்பன்பட்டி அருள்செல்விக்கு வேண்டாததைக் கழித்துக்கட்டுவதில் ஒரு தனிச் சுகம். வீட்டில் ஓட்டைப் பாத்திரங்களுக்கு நேர்ந்த கதி, 2009இல் கம்பத்தில் அவள் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியின் சர்வருக்கும் நேர்ந்தது.

வாழை மண்டிகளுக்கு பில் போடும் புரோகிராம்கள் எழுதும் சின்னக் கம்பெனி அது. எல்லோரும் எழுதியதைத் திரட்டி, துணைக் கோப்புகளைச் சேர்த்து, தானாகவே முழுப் புரோகிராமாக்கித் தருவது அந்த பில்ட் சர்வரின் வேலை. அதில் கிடந்த பழைய கோப்புகளை ஒருநாள் மொத்தமாக அழித்தாள். அடுத்த பில்ட் ஓடியதும் திரை முழுக்கப் பிழை என்று சிவப்பு.

“என்னம்மா பண்ணுன?” முதலாளி விஜயகுமார் ஓடிவந்தார்.

“பெருக்குனேன் சார்.”

தொகையை எழுத்தில் அச்சிடும் கோப்பும் அந்தக் குப்பையோடு போயிருந்தது. அதை எழுதிய ரெக்ஸ், யாரிடமும் சொல்லாமல் தன் கையாலேயே சர்வரில் போட்டுவிட்டு, வேலையை விட்டு ஜீப் ஓட்டப் போயிருந்தான். வேறு நகல் கிடையாது. ஜீப் நிற்கும் இடத்துக்கு ஓடினாள்.

“ஏலே ரெக்ஸ், அந்தக் கோப்பு இருக்கா?”

“இருக்குக்கா.” ஜீப்பில் பாடிக்கொண்டிருந்த பென் டிரைவை உருவினான். “பாட்டுக்கு நடுவுல கெடக்கு. அது பாடாது, அதான் அழிக்காம விட்டேன்.”

கோப்பை ஏற்றினாள். திரை பச்சையானது. விஜயகுமார் எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார்.

மறுநாள் மண்டிக்காரர் சுருளியாண்டி போனில் கத்தினார்: “ஆத்தா, பில்லுல தொகை மலையாளத்துல வருது! லோடு எடுக்க வந்த சேட்டன் படிச்சுச் சிரிக்கிறாரு, எனக்கு ஒரு எழுத்தும் புரியல!”

குமுளிக் கடை ஒன்றுக்காக ரெக்ஸ் செய்த மலையாளப் பதிப்பு அது. தமிழுக்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தான். அருள்செல்வி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து, அதைத் திருத்தித் தமிழ்ப் பதிப்பைத் திரும்பச் செய்தாள். இரண்டுக்கும் தனிப் பெயர், தனிப் பதிப்பு எண் கொடுத்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு கோப்புக் கிடங்கில் வைத்தாள். எந்தப் புரோகிராமுக்கு எது வேண்டும் என்பதை அதனதன் பட்டியலிலேயே எழுதினாள். சர்வர் அதைப் பார்த்துப் அந்தக் கிடங்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். இனி எவர் கையும் சர்வருக்குள் நுழையக் கூடாது, தன் கை உட்பட, என்று கதவிலும் எழுதி ஒட்டினாள்.

தமிழ் பில் வந்ததும் சுருளியாண்டி மறுபடி அழைத்தார். “ஆத்தா, கேரளா லோடுக்கு மட்டும் அந்த மலையாளமே இருக்கட்டும். சேட்டன்மாரு அதைத்தான் கேக்குறாக.”

அந்த வாரமே விஜயகுமார் இரு மொழி பில்லை, “நாங்க முன்னாடியே போட்ட பிளான்” என்று மண்டி மண்டியாகச் சொல்லி விற்க ஆரம்பித்தார். அருள்செல்வி சம்பள உயர்வு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.