அக்கா திரும்பப் பெற்ற கட்டுரை

எங்கள் அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே அம்மாவுடனும் தம்பியாகிய என்னுடனும் லண்டனுக்கு வந்து, செவன் கிங்ஸில் வளர்ந்தார். வந்த புதிதில் வகுப்பில் வாய் திறக்கவே கூச்சப்பட்டவருக்கு இரசாயன ஆய்வுகூடம் மட்டும் பிடித்துப்போனது. ஆங்கிலம் பேசாமலே கெட்டிக்காரியாக இருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்பார். அந்தப் பிடிப்பே அவரைச் சேதன இரசாயனவியலில் கலாநிதியாக்கி, பல்கலைக்கழக விரிவுரையாளராகவும் உயர்த்தியது.

அக்கா பொல்லாத சுத்தக்காரி. அத்தான் கழுவி வைத்த கோப்பையை எடுத்து மறுபடி கழுவுவார். பாவம் அத்தான், சிரித்துக்கொண்டே பார்த்திருப்பார்.

விலை கூடிய உலோகம் எதையும் சேர்க்காமல் ஒரு மருந்துப் பொருளை ஆக்கும் வழியை அக்காவின் குழு கண்டுபிடித்தது. கட்டுரை வெளிவந்ததும் பேராசிரியர் பதவி அவருக்குத்தான் என்ற பேச்சு எழுந்தது. அம்மாவுக்குப் பொறுமை ஏது? கோயிலில் எல்லோரிடமும் "மகள் பேராசிரியர்" என்றே சொல்லிவிட்டார்.

தெரிவுக்குச் சற்று முன்னர், புதிய குடுவையில் அதே சோதனை படுத்துவிட்டது. அக்கா விடாமல் தேடிக் காரணத்தைப் பிடித்தார். பழைய குடுவைக்குள் சுழன்று கலக்கிய சிறு காந்தக் குச்சி, முன்பு பல்லேடியம் என்ற உலோகம் சேர்த்த வேலைக்குப் பயன்பட்டது. கழுவியும் அந்த உலோகம் துளியளவு ஒட்டியிருந்திருக்கிறது. வேலையைச் செய்தது அதுதான். இது அக்காவைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது.

அன்று மாலை குசினியில் அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்குக் காந்தமும் விளங்கவில்லை, உலோகமும் விளங்கவில்லை.

"அம்மா, வெள்ளிக்கிழமைச் சமையலுக்கு மீன் காய்ச்சிற மச்சச் சட்டியைத் தொடுவீங்களோ?"

"என்ன விசர்க்கதை? எவ்வளவு தேய்ச்சாலும் மச்சச் சட்டி மச்சச் சட்டிதான்."

"நான் மச்சச் சட்டியிலை காய்ச்சிப்போட்டு, மரக்கறி எண்டு உலகத்துக்கே சொல்லிப்போட்டன்."

அம்மா அடுப்பை அணைத்தார்.

"சொல்லாமல் விட்டால் பதவி கிடைக்குமோ?"

"ஓம், கிடைக்கும்."

"விரதகாரர் சாப்பிட்டிடுவினம், பிள்ளை. போய்ச் சொல்லு."

அக்கா கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பதவி வேறொருவருக்குப் போனது. பிறகும் அவருக்கு அது வரவேயில்லை. அம்மா கோயிலுக்குப் போய், "நான் சொன்னது பிழை" என்று ஒவ்வொருவரிடமும் தானே சொன்னார். அக்கா அழுதார்தான், ஆனால் செய்ததை எண்ணி ஒருநாளும் வருந்தவில்லை. அந்த அக்காவுக்குத் தம்பியாக இருந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை எழுத வரவில்லை.

அக்காவுக்கு வந்த புற்றுநோய் முற்றிய நாளில், "இனி மருந்து வேலை செய்யுமா?" என்று அக்கா மருத்துவரிடம் கேட்டார். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று அத்தானும் நானும் மருத்துவரைக் கண்ணாலேயே கெஞ்சினோம். அந்த இளம் பெண் மருத்துவர் கட்டில் ஓரத்தில் அமர்ந்து, "செய்யாது" என்றார். அக்கா அவருடைய கையைப் பற்றி நன்றி சொன்னார்.

அக்காவை இழந்த துயரில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், ஹவுன்ஸ்லோவில் ஷிப்டை விட்டுவிட்டு ஓடிவந்த உறவுகளுக்கும், பேழையைத் தோளில் சுமந்த அக்காவின் மாணவர்களுக்கும், அவரை விட்டு அகலாத அத்தானுக்கும் எங்கள் நன்றி. அந்த மருத்துவருக்கு மட்டும் அன்று நன்றி சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அக்கா அன்றே சொல்லிவிட்டார். நாங்கள் இன்று சொல்கிறோம். நன்றி, டொக்டர்.