கூண்டுக்குள் தாமர் எடுத்தது

மகன் தாமர் பிறந்த நாளிலிருந்து அவன் தும்மலைக்கூட வினார்சி விட்டுவைத்ததில்லை. குப்புற விழுந்தது, முதல் பல், கரண்டியால் தட்டைத் தட்டுவது என்று எல்லாம் அவள் கைபேசியில் படமாக இருந்தது.

எட்டாம் மாதம், பிள்ளையின் கால் முதன்முதலாக மண்ணில் படும் சடங்கு வந்தது. ஜாவாத் தீவின் சோலோ நகரத்தில் ஏழையும் இதை விடமாட்டான். கரும்பு ஏணியில் ஏற்றி இறக்கி, பிள்ளையை மூங்கில் கோழிக்கூண்டுக்குள் விட்டார்கள். உள்ளே பேனா, வளையல், நெல், சீப்பு. எதைத் தொடுகிறானோ அதுதான் அவன் பிழைப்பு.

வினார்சி கூண்டுக்கு அருகே குந்தி, படமெடுக்கக் கைபேசியை உள்ளே நீட்டினாள். தாமர் எல்லாவற்றையும் தாண்டித் தவழ்ந்து வந்து அதைப் பற்றிக்கொண்டான்.

"போச்சு! உன் மவன் போன் கடைதான் வைக்கப்போறான்!" என்றாள் நாத்தனார் சுமியாத்தி.

"சும்மா இருங்க அண்ணி!" வினார்சி கைபேசியைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையை நீட்டினாள். "வாடா கண்ணா, அம்மாகிட்ட வா."

தாமர் அவள் முகத்தை அந்நியரைப் பார்ப்பதுபோல் வெறித்தான். உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதான்.

 வினார்சி நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

சுமியாத்தி விளையாட்டாகக் கைபேசியை எடுத்து வினார்சியின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். அழுகை சட்டென்று நின்றது. ஒற்றைப் பல் தெரியத் தாமர் சிரித்தான்.

"பாருங்கடி, இப்பத்தான் புள்ளைக்கு அம்மாவை அடையாளம் தெரியுது!"

கூடியிருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். கைபேசிக்குப் பின்னாலிருந்து முகத்தை விலக்க வினார்சிக்குத் துணிவு வரவில்லை.