வெளிச்சத்துக்கு நிற்பவள்

என் அக்காவின் முகத்தை நான் முந்நூறு தடவையாவது வெட்டி எறிந்திருக்கிறேன். பதறாதீர்கள், கம்ப்யூட்டரில்தான். அத்தான் மேடை நிகழ்ச்சிகளை வீடியோ எடுக்கிறவர். அக்கா அவரோடு போகிறவள். அவர்கள் எடுத்து வந்ததை வெட்டி ஒட்டிக் கொடுப்பது மாடி வீட்டில் இருக்கும் நான். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் காலி மேடையில் அக்கா தனியாக நிற்பாள். அந்த நான்கைந்து நிமிடத்தை முதல் வேலையாக நீக்கிவிடுவேன். வாடிக்கையாளருக்கு அவளோடு என்ன வேலை?

அத்தானிடம் இருப்பது செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஒரே ஒரு கேமரா. ஆரம்பத்தில் ஒரு நடனப் பள்ளியின் நிகழ்ச்சியை, வெளிச்ச அளவைக் கேமராவே வைத்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோவில் விட்டு எடுத்தார். மேடையில் முக்கால்வாசி இருட்டு. அந்த இருட்டைப் பார்த்து மிரண்ட கேமரா எல்லாவற்றையும் வெளிச்சமாக்கிவிட்டது. பின்னால் தொங்கிய கறுப்புத் திரையின் மடிப்பெல்லாம் துல்லியமாக விழுந்திருந்தது. ஆடிய பெண்களுக்குத்தான் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. நடன ஆசிரியை வீடு தேடி வந்து, இதில் என் மாணவிகள் யார் யார் என்று நீங்களே காட்டுங்கள் என்றார்.

அன்றோடு ஆட்டோவுக்கு முழுக்கு. அரங்கின் கதவு திறப்பதற்கு முன் கிடைக்கிற அரைமணி நேரத்தில் அக்காவை மேடை நடுவில் நிறுத்துவார். விளக்குக்காரரைக் கெஞ்சி, நிகழ்ச்சியில் வரப்போகும் ஆகக் கூடிய வெளிச்சத்தைப் போடச் சொல்வார். தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு கேமராவின் சின்னத் திரையைப் பார்ப்பார். வெளிச்சம் அதிகமான இடத்தில் அந்தத் திரையில் வரிவரியாகக் கோடு ஓடும். அக்காவின் நெற்றியிலும் மூக்கிலும் கோடு மறையும்வரை அளவைக் குறைத்து, அங்கேயே பூட்டிவிடுவார். "இருட்டா விழுந்தா அப்புறம் கொஞ்சம் தூக்கிக்கலாம். வெளுத்துப் போனா போனதுதான்." இதைச் சொல்லாமல் அவர் ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

வெட்டுவதற்கு முன் அந்த நிமிடங்களை நான் ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை, பக்கத்தில் ஆறிப்போகும் காபி. விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். நீலத்தில் நிற்கும்போது அக்கா எங்கோ தண்ணீருக்கடியில் இருப்பாள்; மஞ்சள் வந்ததும் மெதுவாக மேலே வருவாள். தூசி அவளைச் சுற்றி அவசரமில்லாமல் மிதக்கும். எனக்கும் நேரம் போவது தெரியாது. எப்படியும் ஒரு கட்டத்தில் அவள் தாழ்ந்த குரலில் கேட்பாள்: "இருக்கீங்களா?"

கேமராவுக்குப் பக்கத்திலிருந்து அத்தான் குரல் வரும்: "அசையாதே." பல நாள் அதுவும் வராது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே நின்று என்னதான் நினைப்பாய் என்று அவளிடம் கேட்டேன். எதிரே வெறும் வெளிச்சம்தான், ஆளே தெரியாது, கொஞ்ச நேரத்தில் கால் தரையில் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும், அதனால்தான் ஒரு குரல் கொடுத்துப் பார்க்கிறேன் என்றாள். சொல்லும்போது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் ஒரு நாடகக் குழுவில், நடிக்க வேண்டிய பெண் பத்து நாள் இருக்கும்போது காலை உடைத்துக்கொண்டாள். இயக்குநர் நேராக அக்காவிடம் வந்தார். மற்றவர்களுக்குத் தரையில் சாக்பீஸால் குறி போட்டாலும் வெளிச்சத்தை விட்டு விலகிவிடுகிறார்கள், நீங்கள் மட்டும் எப்படியோ சரியாகப் போய் நிற்கிறீர்கள் என்றார். கன்னத்தில் விளக்கின் சூடு பட்டால் அதுதான் இடம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அக்காவுக்குக் கிடைத்த வேடம், பழைய வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வரும் பெண்ணாகப் பதினோரு நிமிடம். நாடகம் ஒரே ஒரு நாள்தான்.

பத்து நாளும் அவள் வசனத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அத்தானிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நல்லா நடிச்சனா இல்லையாங்கறது இருக்கட்டும். என் மூஞ்சி தெரியணும்." அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கல்யாண ஆல்பத்தில் ஃப்ளாஷ் அடித்து அவளுக்கு மூக்கே இல்லை. அதை எடுத்த புண்ணியவான் அத்தானின் சிநேகிதன். அதற்குப் பிறகு கேமராவில் விழுந்த அவள் முகத்தையெல்லாம் நான் வெட்டிவிட்டேன்.

நாடகத்தன்று சாயங்காலம், கதவு திறக்க அரைமணி. நான் போய் நிற்கிறேன் என்றேன். அக்கா மேக்கப்போடு இறங்கி வந்து என் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, அத்தானிடம் திரும்பினாள்.

"இத்தனை வருஷம் நான் நின்னாச்சு. இன்னைக்கு நீங்க போய் நில்லுங்க. நான் பாக்கறேன்."

அத்தான் மேடையேறினார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டினார், தொங்கவிட்டார், மறுபடி கட்டினார். விளக்கு ஏறியது. அடுத்தவர்களை நிறுத்தி வைத்தே பழகிய மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைத் தேடினார். எங்களுக்கு இடதுபுறம் இருந்த காலி நாற்காலிகளைப் பார்த்து, மெலிந்த குரலில் கேட்டார்:

"நீ எங்க இருக்க?"

அக்கா துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள். "இங்கதான் இருக்கேன். பயப்படாதீங்க." பிறகு திரும்பத் துணிக்குள் போய், பொறுமையாக அளவை வைத்து முடித்தாள்.

நாடகம் தொடங்கிய பிறகுதான் அத்தானுக்கு உறைத்தது. அவர் நல்ல கறுப்பு, அக்கா வெளுப்பு. "என் மூஞ்சிக்கு வச்சுட்டுப் போயிட்டாளேம்மா. அவ மூஞ்சி வெளுத்துடும்" என்று என் காதில் முணுமுணுத்தார். வெளிச்சத்தைக் குறைக்கக் கை கேமராவின் வளையத்துக்குப் போனது. அதற்குள் அக்கா சாவியோடு வந்து, கன்னத்தில் சூடு பட்ட இடத்தில் நின்றுவிட்டாள். நானும் எட்டித் திரையைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. இமையின் மடிப்பு, மூக்கோரத்து மச்சம் எல்லாம் இருந்தன. அவர் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, தன் முகத்துக்காக இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அத்தான் கையை எடுத்துக்கொண்டார். மிச்ச நிமிடம் முழுக்கத் துணிக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதுவும் பதிவாகியிருக்கிறது, அதை நீக்க எனக்கு அரைநாள் பிடித்தது.

அடுத்த வாரம் ஒரு பாட்டுக் கச்சேரி. ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல முதல் நிமிடங்களை ஓடவிட்டேன். காலி மேடை, நீலம், மிதக்கும் தூசி, நடுவில் அக்கா. இந்தத் தடவை அவள் வாயைத் திறக்கவே இல்லை. கேமராவுக்குப் பக்கத்திலிருந்துதான் குரல் வந்தது, யாரும் கேட்காமலே.

"இருக்கேன்மா. இங்கதான் இருக்கேன்."

அதை நான் வெட்டவில்லை. கச்சேரி நடத்தினவர் போன் செய்து, ஆரம்பத்தில் நிற்கும் அந்த அம்மா யார் என்று கேட்டார்.

வெளிச்சத்துக்கு நிற்பவள் என்றேன்.