யூட்டின்ட செத்தவீட்டுக்கு ஆர் வயர் இழுக்கிறது?

யூட் போயிட்டான்.

நேற்றுப் பின்னேரம் சீனன்குடாவில ஒரு கலியாணவீடு. வேலை முடிஞ்சு வயர் சுத்திக்கொண்டிருந்தவன், "நெஞ்சுக்க நோகுதக்கா" எண்டு கதிரையில இருந்தான்... எழும்பவே இல்லை.

எங்களைத் தெரியாத ஆக்களுக்கு: திருகோணமலையில செத்தவீடு, கலியாணம், பூசை எல்லாத்தையும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு லைவ் போடுற ஆக்கள் நாங்கள் ரெண்டு பேர். கமரா நான். வயர் யூட். ஒன்பது வருசம்.

நாளைக்கு மூண்டு மணிக்கு அவனுக்கு அடக்கம். லைவ் நான் தான் போடவேணும்.

அவன்ட மனுசி ரோசி குவைத்தில வீட்டுவேலை. வர ஏலாது. அந்த வீட்டுக்கார மடம் அரை மணித்தியாலம் தான் ஃபோன் குடுப்பாவாம். அதுக்குள்ள படம் போய்ச் சேரவேணும்.

ஒருக்கா நான் மலிவெண்டு, கமராவில இருந்து படம் கொண்டுபோற எச்டிஎம்ஐ கேபிள் முப்பது மீட்டரில ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தனான். "அக்கா, இது உடுப்புக் காயப்போட நல்லம்" எண்டான். கோவத்தில ரெண்டு நாள் அவனோட கதைக்கேல்லை. பிறகு போட்டுப் பார்த்தால் படம் முழுக்கப் புள்ளி, இடைக்கிடை கறுப்பு.

கிட்ட எண்டால் எச்டிஎம்ஐ. தூரமெண்டால் முறுக்கிப் பூட்டுற எஸ்டிஐ. கரண்ட் வயரோட சேர்த்து இழுக்கக்கூடாது, மடிக்கக்கூடாது, ஆக்கள் நடக்கிற இடத்தில விடக்கூடாது. இதில மட்டும் அவன் ஆருக்கும் விட்டுக்குடுக்கமாட்டான்.

மூதூரில ஒரு அம்மாவின்ட செத்தவீடு. அண்டைக்கு யூட்டுக்குக் காய்ச்சல். தனியப் போன நான் அவசரத்தில கேபிளை ஜெனரேட்டர் வயரோட சேர்த்துக் கட்டி, வாசல்படியில மடிச்சு விட்டிட்டன். பெட்டி மூடுற நேரம் எல்லாரும் உள்ளுக்கு ஓடி வந்து மிதிச்சினம். படம் போச்சு. சரிப்பண்ணிட்டு நிமிந்து பார்க்கிறன்... மூடிட்டினம்.

லண்டனில இருந்த மகன் ஃபோனில குழறினது இப்பவும் காதுக்க கேக்குது. "அம்மாவின்ட முகத்தைக் காட்டுங்கோ..." மூடின பெட்டியை நான் எப்பிடிக் காட்டுறது?

காய்ச்சலோட எழும்பி அந்தத் தம்பிக்கு ஃபோன் எடுத்தது யூட். "வயர் இழுத்தது நான் தான் தம்பி, பிழை என்ட" எண்டான். நான் பக்கத்தில தான் நிண்டனான். என்னை ஒரு சொல்லு ஏசேல்லை, பாவி.

அவன்ட பை இப்ப என்ட மடியில. கறுப்புக் கேபிள் எட்டு. அதில ஒண்டு பழுது, நினைச்ச நேரம் படம் நிண்டுபோயிடும். எதெண்டு அவனுக்குத் தான் தெரியும். அடையாளம் போடடா எண்டால், "நான் இருக்கிறன் தானே அக்கா" எண்டுவான்.

விடிஞ்சதில இருந்து ஒவ்வொண்டாப் போட்டுப் பார்க்கிறன். எட்டிலயும் படம் வருது. அது தான் எனக்குப் பயம்.

இப்ப கொஞ்சம் முந்தி ரோசியின்ட வொய்ஸ் மெசேஜ். "அக்கா, வேற ஒண்டும் வேண்டாம். முகத்தை மட்டும் கிட்டக் காட்டுங்கோ."

ஓடிப்போய் ஃபாதரிட்டச் சொல்லிட்டன். ரோசி "பார்த்திட்டன்" எண்டு சொல்லுமட்டும் பெட்டியில ஒருத்தரும் கை வைக்க ஏலாது. கமராவோட பக்கத்திலயே நிப்பன், ஆர் அவசரப்படுத்தினாலும் நகரமாட்டன். ஃபாதர் ஓம் எண்டார்.

யூட்... இஞ்ச எல்லாரையும் மறிச்சுப் போடுவன். அங்க மடம் இடையில ஃபோனை வாங்கினால் நான் என்னடா செய்வன்?

போ ராசா. நிம்மதியாப் படு.