மூடிய ஃபிரிட்ஜுக்குள் ஒரு காலிஃபிளவர்

என் அண்ணிக்குக் காலி அலமாரி என்றாலே ஆகாது. விருந்துக்குப் போன வீட்டில்கூட பீரோவைத் திறந்து பார்த்து அண்ணனை நெளிய வைப்பார். கட்டப்போகிற வீடுகளின் உட்புறத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, உள்ளே நடந்து போவதுபோல் காட்டுவது அவர் வேலை. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் வேலை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஆகவே நான் நிம்மதியாகச் சாப்பிட்டு வெகுகாலமாகிறது.

"தம்பி, இன்னிக்கும் நின்னுபோச்சு."

வீடு கட்டிக்கொள்ள வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை படம் உறைந்து மானத்தை வாங்கியிருந்தது. இன்னொரு தடவை நின்றால் வரைகிற வேலையைப் பிடுங்கிக்கொண்டு, டேப்பைக் கையில் கொடுத்து அளவெடுக்க அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அண்ணி இதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தார். முடியவில்லை.

ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். முதலாளி மெமரியைக் கூட்டினார். கணக்கு எழுதுபவர் வைரஸ்தான் என்று அடித்துச் சொன்னார். அண்ணன், கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி எதிரே டேபிள் ஃபேன் வைத்தார். அண்ணிக்குத் தும்மல்தான் மிச்சம்.

கடைசியில் நான் அண்ணியின் ஆபீசுக்குப் போனேன். புது ஃபைலைத் திறந்தால் கம்ப்யூட்டர் பறந்தது. அண்ணி வரைந்த வீட்டைத் திறந்தால் படுத்துக்கொண்டது. ஆக, கோளாறு படத்தில். சுவர்களை மறைத்துவிட்டுப் பார்த்தேன், தலை சுற்றியது. மூடிய இழுப்பறைகளுக்குள் கரண்டிகள். மூடிய அலமாரிகளுக்குள் புத்தகங்கள், அதிலும் தாள் தாளாக. மூடிய ஃபிரிட்ஜுக்குள் ஒரு காலிஃபிளவர். இணையத்திலிருந்து இறக்கியது, ஒவ்வொரு மொட்டும் தனித்தனி. அந்த ஒன்றை வரைய, மொத்த வீட்டுக்கும் ஆகிற பாட்டைவிட அதிகம் பட்டது கம்ப்யூட்டர்.

"யாரு கண்ணுக்கும் தெரியாத காலிஃபிளவர் எதுக்கு அண்ணி?"

"அது எவ்வளவு இடம் அடைக்கும்னு உனக்கென்ன தெரியும்? நீ என்னிக்கு வாங்கிட்டு வந்திருக்க?"

அழித்துவிடுங்கள் என்றேன். ஒரு கரண்டியைக்கூட விடமாட்டேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரம் பேசி, எல்லாச் சாமான்களையும் படத்தின் ஒரு தனி அடுக்கில், அதாவது லேயரில் தள்ளி, அது தெரியாதபடி அணைத்து வைத்தேன். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"அந்த லேயரத் தொட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல."

மறுநாள் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். முதலாளி என்னையும் ஓரமாக உட்காரவைத்திருந்தார். படம் கூடத்தில் நுழைந்து, சமையலறையைச் சுற்றி, மாடி ஏறி இறங்கியது. ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அந்த அம்மா. "ஆனா ஹோட்டல் ரூம் மாதிரி இருக்கு. எங்க வீடு மாதிரி தெரியல. வேற எங்கயாவது பாத்துட்டு சொல்றோமே."

முதலாளியின் முகம் தொங்கிப்போனது. அண்ணி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் படுக்கையறை அலமாரிக் கதவைத் திறந்து, லேயரைப் போட்டார்.

சாமான்கள் வந்தன. அதோடு கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. மவுஸ்கூட அசையவில்லை. அண்ணி கையில் டேப்போடு வெயிலில் நிற்பது கண்முன் வந்துபோனது.

பார்க்க வேறொன்றும் இல்லாததால் அந்த அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். மேல் தட்டில் ஒரு தையல் மிஷின், கீழே போர்வைகள். அவர் தைப்பவர் என்பதை அண்ணி முதல் சந்திப்பிலேயே விசாரித்து வைத்திருக்கிறார்.

"மிஷின மேல வைக்காதீங்க. என்னால தூக்க முடியாது. போர்வைய மேல ஏத்திட்டு அத கீழ வைங்க."

"வெச்சிடறேங்க," என்றார் அண்ணி.

"அப்ப என் சூட்கேஸு?" என்று கணவரும் எழுந்து வந்தார்.

"அது எதுக்கு இங்க? கட்டிலுக்கு அடியில போகட்டும்."

"அங்கேருந்து யாரு இழுக்கறது?"

இன்னும் கட்டாத வீட்டில் இருவரும் மும்முரமாகச் சண்டை போட்டார்கள். அண்ணியை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் தொழில் புத்தி விடுமா? மெல்ல எழுந்து, மறுபடி இயக்கலாம் என்று கம்ப்யூட்டரின் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனேன்.

முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க தம்பி," என்றார் காதோரமாக. "அப்படியே நிக்கட்டும்."