கறுப்பு மையில் பொங்கல் வாழ்த்து

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பொங்கலுக்குக் கடை வாழ்த்து வாங்க மனமில்லாமல், அழிரப்பரைப் பிளேடால் செதுக்கிப் பானை ஒன்று, கரும்பு ஒன்று என அச்சு செய்தேன். தபால் அட்டையின் நடுவில் பானை. நான்கு ஓரமும் நெருக்கமாகக் கரும்பு. ஆலங்குடியில் அப்போது கறுப்பு மை மட்டும்தான் கிடைத்தது. இருந்தாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சந்தையில் வாங்கிய மஞ்சள் கொத்தோடு தபாலாபீஸ் வாசலில் நின்ற ஓர் அம்மா, என் கையிலிருந்த அட்டையைப் பார்த்துப் பதறினார்.

"யாரு தம்பி தவறிட்டாங்க?"

"யாருமில்லீங்க. மீமிசல்ல இருக்க அக்காவுக்குப் பொங்கல் வாழ்த்து."

"ஓரமெல்லாம் கறுப்பா இருக்கே! சாவுக் காயிதம்னுல்ல நெனைப்பாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் கணவர் பட்டாளத்தில் இருந்தார். மாதக்கணக்கில் அவரிடமிருந்து கடிதமில்லை.

அந்த அம்மா ஒரு மஞ்சளை ஒடித்தார். வாசற்படியில் தண்ணீர் விட்டு உரசி, அட்டையின் நான்கு மூலையிலும் தடவினார்.

"பொங்கப் பானையில கட்ட வாங்குனதாச்சுங்களே?" என்றேன்.

"மிச்சம் இருக்கறது போதும். போயிப் போட்டுட்டு வாங்க."

அக்கா பதில் எழுதினாள்: 'கறுப்பு ஓரத்தைப் பார்த்ததும் அவரைப் பற்றிய சேதிதான் என்று நினைத்துவிட்டேன். மூலையில் மஞ்சள் தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. உனக்குத்தான் எவ்வளவு கவனம்!'

அந்தக் கவனம் என்னுடையதல்ல. அதற்கு உரியவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பொங்கலில் அவர் வீட்டுப் பானைக் கொத்தில் ஒரு மஞ்சள் குறைந்திருக்கும். அது என் அக்கா வீட்டில் இருந்தது.